என் கண்ணாடியும் தம்பி வைத்த ஃப்ளெக்ஸும்

சென்னைக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தோடு ஒரு போட்டோவை இணைத்திருந்தார்கள். என் தம்பி மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குச் செந்துறையில் மண்டபத்து வாசலில் வைத்த ஃப்ளெக்ஸ். நடுவில் பட்டுப்புடவையில் பிள்ளை. ஒரு ஓரத்தில் கும்பிட்டபடி தம்பி. இன்னொரு ஓரத்தில் கன்னத்தில் விரல் வைத்து நான். என் தலைக்கு மேல் ‘பல காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரி, எங்கள் வீட்டு விஞ்ஞானி’ என்று சிவப்பு எழுத்து. அதற்குக் கீழே அரை ஆள் உயரத்துக்கு ஒரு வரைபடம், அளவுகளோடு, அம்புக்குறிகளோடு. அந்தத் தேதியில் உலகத்தில் ஒருத்தர் கண்ணிலும் பட்டிருக்கக் கூடாத படம் அது.

விண்ணப்பம் போடுவதற்கு மூன்று மாதம் முன்பே ஊரறிய வெளியான ஒன்றுக்கு எப்படிக் காப்புரிமை தருவது என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. தம்பிக்குப் போன் போட்டேன்.

“டேய் எருமை! உன்னைய யாருடா அந்தப் படத்த போடச் சொன்னா?”

எதிர்முனையில் லாரி எஞ்சின் சத்தம். அதற்கு நடுவே, “தப்புதான்க்கா” என்றான்.

‘பல’ காப்புரிமை என்றால் இரண்டு. நான் பெரம்பலூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். வருகிறவர்களில் பாதிப் பேர் திருகாணி விழுந்துபோய், கண்ணாடிக் காலை நூலால் கட்டிக்கொண்டு வருவார்கள். பார்த்துப் பார்த்துச் சலித்துத் திருகாணியே இல்லாத ஒரு கீல் செய்தேன். அது முதலாவது. சின்ன வெங்காயத்தின் தாளைக் காலால் மிதித்து அரியும் ஒரு கருவி இரண்டாவது. நாளெல்லாம் குத்தவைத்து வெங்காயம் அரிகிற பெண்களுக்கு விரலில் காயம் இல்லாத நாள் கிடையாது. அந்தக் கோபத்தில் செய்தது. நான் எதைச் செய்தாலும் கோபத்தில்தான் செய்திருக்கிறேன்.

இரண்டுக்கும் விண்ணப்பம் போடும்வரை நான் வாயே திறக்கவில்லை. “பதிவு பண்றதுக்கு முன்னாடி வெளிய தெரிஞ்சா போச்சு மேடம்” என்று திருச்சியில் இருக்கும் பேட்டன்ட் ஏஜென்ட் தலையில் அடித்தாற்போல் சொல்லியிருந்தார். கட்டிய புருஷனிடம்கூட நான் காட்டியதில்லை.

மூன்றாவதுதான் ஃப்ளெக்ஸில் வரைபடமாக இருந்த இந்த லாரிக் கண்ணாடி. அரியலூரில் தம்பி சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். ஒரு நாள் மத்தியானம் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தவன், கொடுத்த தண்ணீரைக் குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். இடதுபக்கக் கதவை ஒட்டி ஒரு பெண் டி.வி.எஸ்.ஸில் வந்திருக்கிறாள். இவன் பார்க்காமல் வண்டியை இடதுபக்கம் ஒடித்திருக்கிறான். டீக்கடைக்காரர் போட்ட கூச்சலில் பிரேக் அடித்ததால் அவள் பிழைத்தாள்.

“கண்ணாடி இருக்குக்கா. ஆனா ஒரே சுண்ணாம்புத் தூசி. செவுரு மாதிரி வெள்ளையா இருந்துச்சு.”

துடைத்தால் அடுத்த லோடில் மறுபடியும் வெள்ளை. ஆகவே, டிரைவர் தன் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம், ஒரு சைக்கிள் பிரேக் ஒயர் இழுத்து, இடதுபக்கக் குவிகண்ணாடியை ஒரு ரப்பர் பட்டை தானாகத் துடைப்பது போலச் செய்தேன். கரண்டு வேண்டாம், மோட்டார் வேண்டாம். கண்ணாடியின் வளைவுக்குச் சரியாக ரப்பரும் உள்வளைந்திருக்க வேண்டும். சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. லென்ஸ் தேய்த்த கைக்கு அது பிடிபட ஒரு வருஷம் ஆனது.

விண்ணப்பம் போட்ட பிறகு, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு அசந்துபோனார். “சர்டிபிகேட் கொண்டாங்க. நான் கட்டுற வண்டிக்கெல்லாம் இத மாட்டுறேன், நீங்க சொல்ற அளவுலயே. அது இல்லன்னா நாளைக்கே எவனாச்சும் கண்டமேனிக்குச் செஞ்சு விப்பான், நான் எதுக்குங்க எறங்கணும்?” என்றார். நூற்றுக்கணக்கான வண்டிகள். அத்தனையிலும் தூசி இல்லாத கண்ணாடி. அதைத்தான் இந்தத் தடியன் மண்டபத்து வாசலில் தொங்கவிட்டிருந்தான்!

இரண்டு மாதம் அவனைத் திட்டினேன். காலையில் திட்டினேன், கடையிலிருந்து திட்டினேன், திட்டுவதற்கென்றே பஸ் ஏறிப் போனேன். “உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்காடா? மாலை போட்டு நின்னா போதும், அக்கா பொழப்பு எப்படிப் போனா என்ன?” ஒவ்வொரு தடவையும் “தப்புதான்க்கா” என்பான். தம்பி பெண்டாட்டி, “போதும் அண்ணி, அவரு சோறே எறங்காம கெடக்குறாரு” என்றாள். எனக்கு மட்டும் இறங்கியதா என்று அவளையும் ஒரு பிடி பிடித்தேன்.

ஏஜென்ட் ஒரு வழி சொன்னார். சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் வேறொருவர் எடுத்து வெளியிட்டிருந்தால் சட்டம் மன்னிக்குமாம். “உங்களுக்குத் தெரியாம தம்பி எடுத்துப் போட்டுட்டாருன்னு ரெண்டு பேரும் உறுதிமொழிப் பத்திரம் கொடுங்க மேடம்.”

“திருடிட்டான்னா?”

“அந்த வார்த்தை வராது. அர்த்தம் அதுதான்.”

தம்பியிடம் சொன்னேன். “எங்க கையெழுத்து போடணும்?” என்றான். எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. படட்டும் பயல் என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறேன்.

அவன் போட்டுவிட்டான். என் பத்திரத்தில், படம் அவன் கைக்கு எப்போது போனது என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. தேதி பார்க்கலாம் என்று போனில் எங்கள் வாட்ஸ்அப் பேச்சைத் தள்ளிக்கொண்டே மேலே போனேன்.

“அக்கா உன் மிஷின் படம் ஏதாச்சும் அனுப்பு. ஃப்ளெக்ஸ்ல போடணும்.” இது அவன். கீலின் படத்தை அனுப்பியிருக்கிறேன். “என்னக்கா இது, கால் ஒடஞ்ச வெட்டுக்கிளியாட்டம் இருக்கு.” அதற்குக் கீழே நான். லாரிக் கண்ணாடிப் படம். கூடவே, “அப்ப இத போடு. லாரி இருக்கு, உனக்கும் பொருத்தம். பெருசா போடு.”

பெருசா போடு! ஜவுளிக்கடையில் சீர்ப் புடவை எடுத்துக்கொண்டே, ஒரு கையில் அனுப்பியது. அப்படியே மறந்தும் போயிருக்கிறேன். ஊரே பார்க்கப் போகிறது என்ற பவுசில் ஏஜென்ட் சொன்னதெல்லாம் காற்றில் போயிருக்கிறது. என்னைச் செருப்பால் அடித்தால் என்ன என்று இருந்தது. ஆனால் போன் போட்டுக் கத்தியது அவனிடம்தான்.

“ஏன்டா சொல்லல?”

“நீ எங்க சொல்ல உட்ட?”

“ரெண்டு மாசமாவாடா?”

“சொன்னா உன்னையே திட்டிக்கிட்டுக் கெடப்ப. என்னைய திட்டுனா எனக்குப் பழக்கம்தானே. சும்மா கையெழுத்துப் போட்டுட்டுப் போக்கா.”

விசாரணை வீடியோவில் நடந்தது. திருச்சியில் ஏஜென்ட் அறை. என் முன்னால் மேஜையில் இரண்டு பத்திரங்கள். ஒன்றில் தம்பியின் கோணல் கையெழுத்து. இன்னொன்றில் நான் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. திரையில் இருந்த அதிகாரி தன்மையான மனிதர். “இந்தப் படம் உங்க சம்மதம் இல்லாம வெளியானதாம்மா?” என்று நல்ல தமிழில் கேட்டார்.

ஏஜென்ட் பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் நகர்த்தினார்.

“நான்தான் சார் அனுப்புனேன்” என்றேன்.

சரியாகக் கேட்கவில்லை என்றார். “நான்தான் அனுப்புனேன்! பெருசா போடச் சொன்னதும் நான்தான்!” என்று கத்தினேன். ஏஜென்ட் பேனாவை மூடிவிட்டார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று உத்தரவு வந்த அன்று, பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தம்பி என்னைத் திட்டினான்.

“கிறுக்கு புடிச்சிருக்காக்கா உனக்கு? அந்தப் பொம்பள மேல ஏத்தியிருந்தா நான் இந்நேரம் ஜெயில்ல கெடப்பேன். ஒரு கையெழுத்துல என்ன கொறஞ்சிருவேன்?”

“வாய மூடுடா. உன்னைத் திருடன்னு எழுதிக் குடுத்து வாங்குனா, அந்தச் சர்டிபிகேட்ட எந்தச் செவுத்துலடா மாட்டுவேன்?”

பட்டறைக்காரர் கழன்றுகொண்டார். போன மாதம் அரியலூரில் தம்பி லாரியிலிருந்து இறங்கினேன். பக்கத்தில் நின்ற லாரியில் என் கண்ணாடி! எவனோ பார்த்துச் செய்திருக்கிறான். பிரேக் ஒயர் இருக்கிறது, பட்டை இருக்கிறது. ஆனால் ரப்பர் நேராக இருக்கிறது. குவிந்த கண்ணாடியில் நேர் ரப்பர் நடுவில் மட்டும்தான் தொடும். நடுவில் ஒரு கோடு பளபளத்தது. மற்றதெல்லாம் வெள்ளை. இதை நம்பி ஒருத்தன் வண்டியை ஒடிக்கிறான்.

“யோவ், எறங்குய்யா கீழ!” என்று போட்ட சத்தத்தில் டிரைவர் குதித்து இறங்கினார். “இத எந்தக் கடங்காரன்யா மாட்டுனான்? எதுக்குன்னு தெரிஞ்சாவது மாட்டுனானா? ஒரு உசுரு போனா அவன் வந்து நிப்பானா?”

“நீங்க யாருங்க?” என்றார் அவர்.

தம்பி அதற்குள் தன் வண்டியிலிருந்து ஸ்பேனரும், நான் செய்து கொடுத்திருந்த மாற்று ரப்பரும் எடுத்துவந்து நீட்டினான். கழற்றி மாட்டினேன். டிரைவரை ஏறி உட்காரச் சொன்னேன். தம்பி, அன்றைக்கு அந்த டி.வி.எஸ். பெண் வந்த பக்கமாக, இடதுபக்கச் சக்கரத்தை ஒட்டிப் போய் நின்றுகொண்டான்.

“கதவத் தொறந்து சாத்துய்யா.”

சாத்தினார். ரப்பர் முழுக் கண்ணாடியையும் வழித்துக்கொண்டு போனது.

“இப்ப பாரு. யாராச்சும் தெரியுறாங்களா?”

“ஒரு ஆளு நிக்கிறாருங்க.”

“என் தம்பிய்யா அது” என்றேன். “நல்லாப் பாத்துக்க.”