உடையாரின் மாமியார் வீடு

எங்கள் வம்சத்தில் ஒருவர் உடையாராக இருந்தார். இதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்றில்லை. எங்கள் ஆட்களில் எவரோடும் ஐந்து நிமிடம் கதைத்தால் போதும், அவர்களே சொல்லிவிடுவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அச்சுவேலிப் பக்கத்து நாலைந்து ஊர்களுக்கு அவர்தான் அரசாங்கம். வரி சேர்த்துக் கொடுத்தார், வேலிச் சண்டை தீர்த்தார், காணி விற்பனைக்குச் சாட்சி நின்றார். அப்போது எதிரே நின்றவர்கள் தோள் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்களாம். அதை எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பெருமையோடு சொல்லி வருகிறது. அப்படி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

போன ஆவணியில் பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணை முறை, கனடாவிலிருந்து வந்து இறங்கினார். கையில் குடும்ப வரலாறு. இன்னும் அச்சுக்குப் போகாத பிரதி, ஆனால் அட்டை தயார். அட்டையில் உடையாரின் படம். உடையாரை ஒருவரும் படம் பிடித்ததில்லை என்பதால் அண்ணை கணினியில் செய்வித்திருந்தார். தலைப்பாகை, கோட்டு, முறுக்கிய மீசை எல்லாம் இருந்தன. மீசைக்கு மேலே இருந்தது அண்ணையின் மூக்கு.

“எப்பிடி, அச்சொட்டா இருக்கோ?” என்றார்.

“ஓம் அண்ணை, உங்களை உரிச்சு வைச்ச மாதிரி இருக்கு.”

அவருக்குச் சரியான சந்தோஷம்.

புத்தகத்தோடு நின்றிருந்தால் நானும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருப்பேன். அவருக்கு வீடும் தேவைப்பட்டது. நான் இருக்கும் இந்த வீட்டில்தான் உடையார் வாழ்ந்தார். இதை ‘உடையார் நினைவில்லம்’ ஆக்க வேண்டுமாம். படலையில் பெயர்ப்பலகை, முன்னறையில் கண்ணாடிப் பெட்டிகள், விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் நின்று படம் எடுக்க ஒரு மேடை. அதற்கு நான் கையெழுத்து வைக்க வேண்டும்.

“நீ சாகுமட்டும் பின்னறையிலை இருக்கலாம் தங்கச்சி. அதையும் எழுதி வைச்சிருக்கிறன்,” என்றார் தாராள மனதோடு.

“மகளும் பிள்ளையளும்?”

“அவள் இளவயசுக்காரிதானே. எங்கையும் வாடகைக்கு எடுப்பாள்.”

என் மகள் மூன்று வருடங்களுக்கு முன் புருஷனை விட்டுவிட்டு வவுனியாவிலிருந்து இரண்டு பிள்ளைகளோடும் ஒரு சூட்கேசோடும் வந்தவள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். அந்தச் சம்பளத்தில் வாடகை வீடு எடுத்தால் வீட்டில் இருக்கலாம், சாப்பிட முடியாது. அண்ணைக்கு இதெல்லாம் வரலாற்றில் சேராத விஷயங்கள்.

சமாதானப்படுத்த நினைத்தாரோ என்னவோ, புத்தகத்தின் நடுவில் மடித்து வைத்திருந்த வம்ச மரத்தை விரித்துக் காட்டினார். மேசை போதவில்லை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைத் தேடினேன். நான் இல்லை. என் அம்மா இல்லை. என் மகளும் இல்லை. லண்டனில் இருக்கும் என் மகன் மட்டும் ஒரு மூலையில், சொந்தத்துக்குள்ளேயே நான் கட்டிய அவன் தகப்பனுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தான்.

“பொம்பிளையள் கலியாணம் கட்டி வேறை குடும்பத்துக்குப் போறவை. அவையளையும் போட்டால் மரம் குழம்பிப் போகும்,” என்றார் அண்ணை.

சரிதான். சுவாமிக்கே இரண்டு தேவியர் தேவைப்பட்ட ஊரில், எங்கள் ஆண்கள் ஒருத்தியின் உதவியும் இல்லாமல் தனித்தனியே பிள்ளை பெற்று வம்சத்தை வளர்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஆட்களுக்கு ஒரு நினைவில்லம் காணாது.

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இராது. அறைக்குள் போய் றங்குப்பெட்டியை இழுத்து, வீட்டுப் பத்திரங்களான உறுதிக்கட்டைக் கொண்டுவந்து வம்ச மரத்தின் மேலேயே போட்டேன். முப்பது வருடம் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவள் நான். பழைய எழுத்துக்கு நான் பயந்தவள் இல்லை. வாசிக்கத் தொடங்கினேன்.

இந்த வீட்டை எனக்குச் சீதனமாகத் தந்தது என் அம்மா. அவவுக்கு அவவின் அம்மா. அவவுக்கு அவவின் அம்மா. அப்படியே பின்னோக்கிப் போய், அந்துப்பூச்சி அரைவாசி சாப்பிட்டு முடித்த கடைசி உறுதிக்கு வந்தேன். அதில் ஒரு விதவை, தன் மகளுக்கு வீடும் வளவும் புகையிலைத் தோட்டமும் கிணற்றுப் பங்கும் சீதனமாக எழுதியிருக்கிறா. மாப்பிள்ளை உடுப்பிட்டியிலிருந்து வந்தவர். எங்கள் வழக்கப்படி பெண் வீட்டோடு வந்து இருந்துவிட்டார். கொண்டுவந்தது என்று உறுதியில் ஒன்றையும் காணவில்லை. அந்த மாப்பிள்ளைதான் பிறகு உடையார் ஆனவர். காணி பூமி உள்ள ஒருவனை உடையாராக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் தேடியிருக்கிறான். இவர் மாமியாரின் காணியைக் காட்டியிருக்கிறார்.

“அண்ணை, இது உடையாற்றை வீடில்லை. உடையாற்றை மாமியார் வீடு. அவர் இஞ்சை வந்து இருந்தவர், அவ்வளவுதான். தாய் மகளுக்குக் குடுத்து, மகள் தன்ரை மகளுக்குக் குடுத்துத்தான் வீடு இவ்வளவு தூரம் வந்திருக்கு. உங்கடை மரத்திலை அதிலை ஒருத்தியும் இல்லை.”

அண்ணை உறுதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவர் தலையை நிமிர்த்தி, கோபமே இல்லாமல், உண்மையாகவே விளங்காதவர் போலக் கேட்டார்.

“அப்ப நீ ஏன் மகனுக்கு எழுதப் போறாய்? அவன்தானே நினைவில்லத்துக்கு ஓம் எண்டவன். வீடு தனக்குத்தான் எண்டு அம்மா முந்தியே சொல்லிப்போட்டா எண்டான்.”

குசினிக்குள் மகள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், விரும்பியவனைக் கட்டிக்கொண்டு அவள் போனபோது, இதே வாசலில் நின்று கத்தினேன். “உனக்கு இந்த வீட்டிலை ஒண்டுமில்லை. எல்லாம் தம்பிக்குத்தான்.” திரும்பி வந்தபோது படலையைத் திறந்தேன், சோறு போட்டேன், பேரப்பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கினேன். அந்தச் சொல்லை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். பொய். அவள் கொஞ்சம் பயந்து இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. அண்ணை பேனையால் செய்ததை நான் வாயால் செய்திருக்கிறேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது இதுதான். வெட்கத்தில் எனக்கு அண்ணையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கையெழுத்துக் கிடைக்காமல் அண்ணை முகத்தை நீட்டிக்கொண்டு போனார். புத்தகம் பிறகு அச்சாகி வந்தது. மரம் அப்படியே இருக்கிறது. என் வாசிப்புக்கு மதிப்புக் கொடுத்து ஓர் அடிக்குறிப்பில் ‘உடையாரின் துணைவியார்’ என்று சேர்த்திருக்கிறார்.

அண்ணை போன அன்றிரவே மகனுக்கு நானே தொலைபேசி எடுத்துச் சொன்னேன். “எனக்கு உங்கை வந்து இருக்கிற எண்ணமே இல்லை அம்மா. அக்காவுக்கே எழுதுங்கோ,” என்றான். இவ்வளவு லேசான ஒரு கதையைத்தான் மூன்று வருடம் நான் கதைக்காமல் இருந்தேன்.

அடுத்த கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“சீதனமோ? மாப்பிள்ளை ஆர்?”

“மாப்பிள்ளை ஒருவரும் இல்லை. நன்கொடை எண்டு எழுதுங்கோ.”

மகள் பேனையை எடுத்தாள். காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள்.

திரும்பும் வழியில் அச்சுவேலிச் சந்தையில் பாத்திரக் கடை ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாள். ஒரு தோசைக்கல்லைத் தூக்கினாள். நல்ல பாரம். திருப்பிப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள்.

“இதை வாங்கட்டோ அம்மா?”

“உதையும் என்னட்டைக் கேக்க வேணுமோ?”

“இல்லை, மூண்டு வருசமா நான் ஒண்டும் வாங்கேல்லை,” என்றாள், கல்லைக் கீழே வைக்காமல். “நீங்கள் போகச் சொன்னால், பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு சாமானையும் தூக்கிக்கொண்டு போறது கரைச்சல் எண்டு.”