காதர் பாயின் போர்ட்டும் தீட்டிய ஊசிகளும்

காதர் பாயின் போர்ட்டில் ஊசி ஏற்ற வேண்டிய நேரத்தில் டிரேயைத் திறந்தேன். போர்ட்டுக்கென்றே முனை வளைத்துச் செய்த ஹ்யூபர் ஊசிகள் எல்லாமே முனை நேராகக் கிடந்தன. எனக்குப் பகீரென்றது.

எண்பதுகளின் கடைசி. செம்பூர் பக்கம், இனி நோய் தீராது என்றானவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் சிஸ்டராக இருந்தேன். போர்ட் அப்போது பம்பாயிலேயே அபூர்வம். மார்புத் தோலுக்கு அடியில் வைத்துத் தைக்கிற சின்ன டப்பி அது. மூடி சிலிக்கான் ரப்பர். அடியிலிருந்து ஒரு குழாய் பெரிய ரத்தக்குழாய்க்குள் போகும். காதர் பாய்க்கு உணவுக்குழாயில் கேன்சர். மாத்திரை இறங்காது, கை நரம்பெல்லாம் கெட்டுவிட்டது. துபாயிலிருந்து தம்பி வாங்கி அனுப்பிய அந்தப் போர்ட் வழியாகத்தான் வலிக்கு மார்ஃபின்.

தாராவியில் தோலில் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தவர். அந்த வெள்ளிக்கிழமை மகளுக்கு நிக்காஹ். சபையில் உட்கார்ந்து தன் வாயால் பெண்ணை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். வீட்டுக்குப் போய் ஊசி போட ஆள் இருந்தால் அனுப்புகிறேன் என்றார் டாக்டர். பயிற்சிக்கு வந்தவர்களில் தாராவியில் குடியிருந்தவள் கிருபை ஒருத்திதான். அவளைத்தான் தயார் செய்துகொண்டிருந்தேன்.

ஊசிகளை நேராக்கியதும் அவள்தான்.

"முனையெல்லாம் வளைஞ்சு கெடந்துச்சு சிஸ்டர். கல்லுல தீட்டிட்டேன். இப்ப ஏக்தம் ஷார்ப்" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

இப்போதைய பிள்ளைகளுக்கு இது விளங்காது. அன்று ஊசியைத் தூக்கிப் போடும் வழக்கமே கிடையாது. கொதிக்க வைப்போம், மழுங்கினால் தீட்டுவோம். கிருபை அதில் கெட்டிக்காரி. பழைய ஆஸ்பத்திரியில் அதற்காகவே பெயர் வாங்கியவள். ஆனால் ஹ்யூபர் ஊசியின் வளைவு பழுதல்ல. மூடியைக் குடையாமல் விலக்கிக்கொண்டு இறங்கத்தான் அந்த வளைவு. வகுப்பில் சொல்லியிருந்தேன், அவளும் தலையாட்டியிருந்தாள். பழகின கை காதுக்குக் கட்டுப்படவில்லை.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். நாலு வார்த்தை நன்றாகக் கேட்டேன். பிறகு, திட்டி என்ன ஆகப்போகிறது என்று ஒரு காலி பென்சிலின் பாட்டிலை எடுத்து, அவள் தீட்டிய ஊசியை ரப்பர் மூடியில் குத்தி இழுத்தேன். சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றிப் பஞ்சில் பீச்சினேன். ரப்பர்த் துணுக்கு ஒன்று வந்து விழுந்தது. போர்ட் மூடியும் இப்படித்தான் குடைபடும், அப்புறம் ஒழுகும், மருந்து தோலுக்கடியில் தேங்கும், அவருக்கு வேறு வழி இல்லை என்றேன்.

கிருபையின் முகம் வெளுத்துவிட்டது. "நான் பழைய வார்டுக்கே போயிடுதேன் சிஸ்டர். வேற ஆளப் பாருங்க."

வேறு ஆள் ஏது? அவள் போனால் காதர் பாய் வீட்டுக்குப் போக முடியாது. அலமாரியில் சீல் உடைக்காத ஊசி ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. எடுத்து அவள் கையில் வைத்தேன். வாங்கியவள் அதைத் திரும்ப டிரேயில் வைக்கப் போனாள்.

கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் காதர் பாய். "யம்மா, நான் எத்தன தோல வெட்டிக் கெடுத்திருப்பேன். அதுக்காவப் பட்டறைய மூடிட்டா போனேன்? பயப்படாம பிந்தாஸா குத்து" என்றார்.

கிருபை கை கழுவிவிட்டு வந்தாள். போர்ட்டின் விளிம்பை விரல்களுக்கு நடுவே பிடித்து, ஊசியை அடி தட்டும்வரை நேராக இறக்கினாள். சிரிஞ்சை இழுத்துப் பார்த்தாள். ரத்தம் வந்தது, ஊசி சரியான இடத்தில்தான் இருந்தது. சலைன் விட்டாள், தடையில்லாமல் போனது. மார்ஃபின் இறங்க இறங்க அவர் தாடை தளர்ந்தது. அந்த ஊசியை அப்படியே வைத்துக் கட்டுப் போட்டு, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பினோம். வெள்ளிக்கிழமை தாண்ட அது போதும்.

நிக்காஹுக்கு நானும் போனேன். மயங்கியும் விடக் கூடாது, வலியும் வரக் கூடாது. டாக்டர் சொன்ன அளவை நேரம் பார்த்துக் கொடுத்திருந்தாள் கிருபை. காதர் பாய் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, மகள் பெயரைச் சொல்லி ஒப்புக்கொடுத்தார். குரல் பிசிறவில்லை. திரைக்குப் பின்னால் கிருபை அழுதாள். நானும்தான் அழுதேன், மறைப்பானேன்.

அதற்குப் பிறகு என் வகுப்பெல்லாம் பென்சிலின் பாட்டில் மூடியில்தான் தொடங்கியது. கையில் வரும் கருவி கோணலாகத் தெரிந்தால், திருத்துவதற்கு முன்னால் ஏன் என்று கேளுங்கள் என்பேன். பிழைக்க மாட்டார் என்று தெரிந்தவரிடம் நமக்கு என்ன வேலை என்று புதுப் பெண்கள் கேட்பார்கள். ஒரு வாப்பா தன் மகளைத் தன் வாயால் கட்டிக்கொடுத்தார், அதுதான் நம் வேலை என்பேன்.