வக்கீல் ஐயா எழுதிய இரண்டு மனுக்கள்

என் தையல் மெஷினின் இழுப்பறையில், நூல்கண்டுகளுக்கு அடியில் நான்கு தாள்கள் கிடக்கின்றன. நான் டைப் அடித்தவைதான். சேர வேண்டியவர் கைக்குப் போகாமலே பழுத்துப்போனவை.

அவற்றை எழுதிய வக்கீல் ஐயா, போருக்கு முன் மலாயாவில் ஜொகூர் அரசாங்கத்துக்கு வரிச் சட்டங்கள் எழுதிக் கொடுத்து, சபையில் அவற்றுக்காகப் பேசியும் வந்தவர். ஜப்பான்காரன் வந்ததும் எங்கள் ஊரான யோங் பெங்கில் மரவள்ளி நட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. எந்த வரி வந்தாலும் எதிர்த்து மனு எழுதாமல் இருக்கவும் தெரியாது. நான் டைப் அடித்துக் கொடுப்பேன்; கூலியாகக் கிழங்கு தருவார். அவரிடம் ஒரு பழக்கம்: எதிர்த்து எழுதுமுன், அதே வரியை ஆதரித்து ஒரு மனுவை முழுமூச்சாக எழுதிப் பார்ப்பார். "அவங்க பக்கம் நின்னு பாத்தாத்தாம்மா ஓட்டை தெரியும்" என்பார். அதையும் நான் டைப் அடிக்க வேண்டும்.

ஒருநாள் தையல் மெஷினுக்கு வரி வரப்போவதாகச் செய்தி வந்தது. கட்டாதவர்களின் மெஷினைத் தூக்கிப் போய்விடுவார்களாம். அம்மா விட்டுப்போன அந்த மெஷினில் பழைய திரைச்சீலைகளைச் சட்டையாகத் தைத்துக் கொடுத்துத்தான் என் இரண்டு தங்கைகளுக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஐயா வழக்கம்போல் இரண்டு மனுக்களும் எழுதினார். எதிர்ப்பு மனு என்று நினைத்து நானே ஒன்றை ஜப்பானிய அதிகாரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வந்தால், எதிர்ப்பு மனு மேசைமேல் கிடக்கிறது!

அலமாக்! ஆதரவு மனுவைக் கொடுத்து, என் மெஷினுக்கு நானே குழி தோண்டியிருந்தேன். அழுதுகொண்டே சொன்னேன். ஐயா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"போச்சும்மா. அதை ரொம்ப நல்லா எழுதிட்டேனே!"

மூன்றாம் நாள் அதிகாரியின் மொழிபெயர்ப்பாளர் வந்தார். நம் ஊர்த் தமிழர்தான்.

"வக்கீல் சார், அதிகாரி மூணு தடவ படிச்சுக் காட்டச் சொன்னாரு. எல்லா வரியையும் எதிர்க்கிற ஆளு இத மட்டும் ஏன் கெஞ்சிக் கேக்குறாரு, உள்ள என்னமோ சூழ்ச்சி இருக்குன்னு வரியையே வேணாம்னுட்டாரு. இனிமே மனு கினு எழுதாதீங்க லா."

நான் அங்கேயே சிரித்து, அழுது, மூக்கைச் சிந்தினேன். ஐயாவுக்கு மட்டும் மகிழ்ச்சியில்லை. போர் முடிந்து ஜொகூர் பாருவில் பழைய வேலைக்குத் திரும்பிய பிறகும், பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "அந்த நாலு தாளு இருக்காம்மா? அது போயிருந்தா அன்னைக்கே ஜெயிச்சிருப்போம்."

"ஆமாங்க ஐயா" என்பேன்.

போன வாரம் ஊசி தேடும்போது அந்தத் தாள்களை உட்கார்ந்து படித்தேன். டைப் அடித்த அன்று கண் எழுத்தைத்தான் பார்த்தது, விஷயத்தைப் பார்க்கவில்லை. மூன்று பக்கம் எதிர்த்து வாதாடிய மனிதர், நான்காம் பக்கத்தில், வரி போட்டே தீருவதென்றால் ஒரு மெஷின்கூடத் தப்பாமல் எப்படி வசூலிப்பது என்று தானே வழிமுறை எழுதிக் கொடுத்திருக்கிறார்! பழைய தொழில் கையை விட்டுப் போகுமா?

தாள்களை மடித்து நூல்கண்டுகளுக்கு அடியிலேயே வைத்தேன். ஐயா இன்று உயிரோடு வந்து கேட்டாலும் "ஆமாங்க ஐயா" என்றுதான் சொல்வேன்.