மலையடிவாரத்துப் பச்சைப் புள்ளி

போனில் தெரியும் பச்சைப் புள்ளியை நான் நம்புவதில்லை. அந்த இடத்தில் கரண்ட் காருக்குச் சார்ஜ் போடும் மிஷின் காலியாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். காலியாகத்தான் இருக்கும், ஓடுமா என்பது ஆண்டவருக்கே தெரியும். அதனால் மிஷினுக்குப் பக்கத்து டீக்கடைக்குப் போன் போடுவேன்.

"ஏனுங்க, மிஷின் ஓடுதுங்களா?"

"லைட் எரியுதே சேட்டா."

"லைட்டு கெடக்குது. எந்திரிச்சுப் போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க."

இந்தப் பழக்கம் மனைவியின் அண்ணன் மலைமேல் வண்டிப்பெரியாரில் இறந்த அன்று வந்தது. நாலு மணிக்கு அடக்கம். பெட்டியை மூடுமுன் அண்ணன் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட வேண்டும், அவளுக்கு அது ஒன்றுதான். எங்கள் ஊர் பெருமாட்டியிலிருந்து கரண்ட் காரில் கிளம்பினோம். எங்கள் தென்னந்தோப்புப் பக்கம் ரோடு சமதளம். வண்டி எத்தனை கிலோமீட்டர் காட்டுகிறதோ அத்தனையும் ஓடும். மலைக்கும் அதே கணக்கில் போய்விட்டேன். முண்டக்கயம் தாண்டி ஏறத் தொடங்கியதும் அந்த எண் மளமளவென்று சரிந்தது. பச்சைப் புள்ளி காட்டிய இடத்துக்குத் திரும்பி இறங்கினோம்.

இரண்டு மிஷின்கள். ஒன்று செத்துக் கிடந்தது. இன்னொன்றில் ஒரு வெள்ளைக் கார். சார்ஜ் நிறைந்தும் ஒயரை எடுக்கவில்லை. டீக்கடையில் இருந்தவரிடம், "வண்டி உங்களதுங்களா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். கையில் மட்டும் கார் சாவி.

என் மனைவி நேரே அவரிடம் போனாள். "அண்ணே, எங்க அண்ணன் மொகத்தப் பாக்கப் போறேன். எடுத்துருங்கண்ணே."

எழுந்துவிட்டார். "கோவிச்சுக்காதம்மா. அடுத்த மிஷின் ஓடுமோ ஓடாதோன்னு சொட்டு மிச்சமில்லாம ஏத்திட்டிருந்தேன்" என்றார்.

அவருக்கும் என் வியாதிதான்.

ஒயரை மாட்டினோம். நடுவில் இரண்டு தரம் சார்ஜ் ஏறுவது தானாக நின்றது. நான் மிஷினை விட்டு நகரவில்லை. அவள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய தம்பி போனில் சொன்னான்: "மச்சான், பதறாம வாங்க. நீங்க வராம பெட்டிய மூட மாட்டோம்."

ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அவளிடம்கூடச் சொல்லவில்லை.

போய்ச் சேர்ந்தபோது நாலு தாண்டி வெகு நேரமாகியிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் மழையில் குடை பிடித்து நின்றிருந்தார்கள். உபதேசியார் ஆணிகளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெட்டியின் மூடி சுவரில் சாய்ந்திருந்தது.

அவள் குனிந்து முத்தமிட்டாள்.

தம்பி என் தலைக்கு மேல் குடையை நீட்டினான். "போன்ல சொன்னனே மச்சான், நம்பலயா?"