அம்பு ஏன் விழவில்லை?

சென்ற வாரம் ஒரு மதியம். அரிமளத்துக்குப் பக்கத்தில் வற்றிக் கிடக்கும் கண்மாய். கரையோர மர நிழலில் அரைத்தூக்கத்தில் கிடந்தேன். மேகம் நகர்கிறதா, நான் நகர்கிறேனா என்றே தெரியவில்லை... அப்படி ஒரு சுகம். தூரத்தில் ‘தப்’ என்று அம்பு தைக்கும் சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பிறகு சத்தமே இல்லை.

எழுந்து பார்த்தால், வள்ளி வில்லை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறாள்.

வள்ளி என் மனைவி. கணக்கு டீச்சர். மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, வீட்டின் அமைதி தாங்காமல் வில்வித்தை கற்றுக்கொண்டவள். காம்பவுண்ட் வில் — இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த நவீன வில். ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் அவளுக்கு முதல் போட்டி.

“ஏங்க, பேரை வாபஸ் வாங்கிர்றேன். எனக்கும் வந்துருச்சு.”

“என்ன வந்துருச்சு?”

“அப்பா கை மாதிரி...”

என் மாமனாருக்கு ஐம்பது வயதிலேயே கை நடுங்க ஆரம்பித்தது. கடைசியில் காபி டம்ளரைக்கூட நாங்கள்தான் பிடித்தோம். அந்தப் பயம் இவளுக்கு எப்போதும் உண்டு. இப்போது அம்புகள் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று சிதற, முடிவே கட்டிவிட்டாள். “சும்மா இரு, வெயில்தான் காரணம்” என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு அம்பை மாட்டினாள். அதற்குள் மகளிடமிருந்து போன். மாட்டிய அம்பை எடுக்காமல், வில்லைத் தொங்கவிட்டபடி அங்கிட்டும் இங்கிட்டும் நடந்து பேசினாள். அம்பு தரையைப் பார்த்துத் தொங்கியது. பேச்சுவாக்கில் நாணை ஒரு தட்டு தட்டினாள். அம்பு விழவில்லை. ஓங்கித் தட்டினாள். ம்ஹூம்!

“அப்புறம் பேசறேன்டி.” போனை வைத்துவிட்டாள். “ஏங்க, இது விழணும்ல?”

விழ வேண்டும்தான். அம்பின் வாலில் உள்ள பிளாஸ்டிக் பிளவுக்கு ‘நாக்’ என்று பெயர். அது நாணை ‘டிக்’ என்று கவ்வ வேண்டும். லேசாகத் தட்டினால் விட்டுவிடவும் வேண்டும். போன மாதம், அம்பு மாட்டும் இடத்தில் நாண் தேய்ந்துவிட்டதென்று புது நூல் சுற்றி வாங்கினோம். ‘நல்ல தடி நூலா போடுங்க’ என்று கேட்டு வாங்கினோம்! சாயம் முதல் சம்பந்தம் வரை கெட்டியாக இருந்தால்தானே நமக்குத் திருப்தி? நாக் இறுகிப்போய், ஒவ்வொரு முறையும் நாண் அம்பைப் பிடித்து இழுத்து, திசை மாற்றியிருக்கிறது. பயம் வந்துவிட்டால் நாம் கருவியைப் பார்ப்பதில்லை. நம்மையே குற்றவாளியாக்கிவிடுகிறோம்.

வீட்டுக்கு வந்து அந்தத் தடி நூலை அவிழ்த்து மெல்லிய நூல் சுற்றினோம். நான் வில்லைப் பிடித்துக்கொள்ள, அவள் சுற்றச் சுற்ற ‘ர்ர்ர்’ என்று ஒரு ரீங்காரம். ஃபேன் காற்று, ஜன்னல் வெயில், அவள் முணுமுணுக்கும் ஏதோ ஒரு பாட்டு... அந்தச் சாயங்காலம் முடியாமலே இருந்திருக்கலாம்.

மறுநாள் கண்மாயில் நாணை முழுசாக இழுத்தாள். இப்போது நாக் ரொம்ப லூஸ். அம்பு நழுவிக் கீழே விழுந்தது!

“விட்டுறாத வள்ளி!” அலறிவிட்டேன். அம்பு இல்லாமல் நாணை விட்டால் வில்லே தெறித்துவிடும். அவள் பதறவில்லை. மெல்ல... மெல்ல... நாணைத் திரும்பக் கொண்டுவந்தாள். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். துளி நடுக்கம் இல்லை.

அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று நூலுக்கு அடியில் ஒரு அடுக்கு டென்டல் ஃப்ளாஸ் — ஆமாம், பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற அதே நூல்தான் — சுற்றி, மேலே மறுபடி மெல்லிய நூல். மாட்டினால் டிக். தட்டினால் விழுந்தது. பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்... எத்தனை விஷயத்துக்குப் பொருந்தும்! யோசித்தால் எனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை. திருச்சி. கடைசிக்கு முந்தின இடம்! எப்படித் தேற்றுவது என்று வார்த்தை தேடிக்கொண்டு நிற்கிறேன்... முகமெல்லாம் பல்லாக ஓடி வருகிறாள்.

“ஏங்க, கை நல்லாத்தான் இருக்கு! எனக்கு எய்யத்தான் வரலை. அதைக் கத்துக்கலாம்ல?”

திரும்பும்போது காரை அவளேதான் ஓட்டினாள். கீரனூர் வரை ஒற்றைக் கையால்.

நடுங்கிக்கொண்டு வந்தது நான்தான்!