காலர்க்காரியை யாரும் கேட்கவில்லை

சட்டைத் தொழிற்சாலையில் எல்லாருக்கும் அவள் காலர்க்காரி. உடம்பையும் கையையும் தைத்துத் தள்ள எத்தனையோ பேர் கிடைப்பார்கள். கழுத்துப் பட்டையைச் சுருக்கம் விழாமல் உட்கார வைக்க அவள்தான் வேண்டும். அவள் மெஷின் நின்றால் வரிசையே கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிடும்.

இத்தனை வேண்டப்பட்டவளை யாரும் எதையும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்தியபோது அப்பா கேட்கவில்லை. கல்யாணத்தை முடித்தபோது மாமா கேட்கவில்லை. 'இன்று முதல் எல்லாரும் சங்க உறுப்பினர். மறுப்பவருக்கு இங்கே வேலை இல்லை' என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டியவரும் கேட்கவில்லை. ஒட்டியவர் சங்கச் செயலாளர், அவளுடைய வீட்டுக்காரர். அவள் போட்ட காப்பியைக் குடித்துவிட்டுத்தான் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்.

"நான் சேரலைங்க," என்றாள் சாயங்காலம்.

"உன் நல்லதுக்குத்தானே?"

"கல்யாணத்துக்கும் இதையேதான் சொன்னாங்க."

உரிமைக்காக மேடையில் தொண்டை கிழியக் கத்துகிற மனுஷர். வீட்டில் அந்தத் தொண்டைக்கு ஓய்வு.

சேதி மேனேஜர் காதில் தேனாய்ப் பாய்ந்தது. நேற்றுவரை 'ஏய்' என்று கூப்பிட்டவர், நாற்காலி போட்டார்.

"உழைக்கிறவங்களுக்குச் சுதந்திரம் வேணும்மா. உங்க சம்பளத்தை நீங்களே எங்ககிட்ட பேசலாம். நடுவுல எதுக்குச் சங்கம்? இந்த ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுங்க."

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"சம்பளம் நீங்க பாத்துக் குடுக்கறதுன்னு போட்டிருக்கே. நான் பேசலாம்னீங்க?"

"தாராளமா பேசுங்க. நாங்க கேட்டுக்குவோம்."

"எந்தச் சங்கத்துலயும் சேரக் கூடாதுன்னும் இருக்கு."

"அது உங்க சுதந்திரத்தைக் காப்பாத்தத்தாம்மா."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இந்த ஓநாய் குடையும் கொண்டுவந்திருந்தது. அவள் காகிதத்தைத் திருப்பி வைத்ததும் அழுகை நின்றது.

"அப்போ திங்கக்கிழமையிலேர்ந்து மெஷின் கிடையாது."

சேராவிட்டால் சங்கம் துரத்தும்; கையெழுத்துப் போடாவிட்டால் கம்பெனி துரத்தும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அடிக்கிறவர்கள் இருவரும் அவள் நன்மைக்குத்தான் அடித்தார்கள். அந்த மெஷின் ஒன்றுதான் அவள் தானாகப் பழகிப் பிடித்த இடம். அதை விட மனசு வரவில்லை.

"பேசாம சேர்ந்துடு. சங்கத்து ஆளை அவன் தொட மாட்டான்," என்றார் வீட்டுக்காரர்.

"எல்லார் முன்னாடியும் வந்து, சேர்றியான்னு கேளுங்க."

"மாட்டேன்னு சொல்லிட்டா?"

"கேட்டாத்தானே தெரியும்."

மறுநாள் சாப்பாட்டு வேளையில் செயலாளர் அவள் மெஷின் பக்கம் வந்து நின்றார். ஊரையே கூட்டி முழங்கியவருக்கு ஒரு கேள்விக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"சங்கத்துல... சேர்றியாம்மா?"

காலர்க்காரி நிதானமாக யோசித்தாள். யோசிக்கச் சொல்லி முதல்முறையாக ஒரு கேள்வி வந்திருக்கிறது; அவசரப்பட்டு வீணாக்குவாளா?

"சேர்றேன்."

அவர் பெருமூச்சு விட்டு நகர்ந்தார். பக்கத்து மெஷினில் பொத்தான் தைக்கிறவள் கூப்பிட்டாள்.

"அண்ணே, என்னையும் கேளுங்க."

"நீதான் ஏற்கெனவே உறுப்பினராச்சே."

"அதுக்குத்தான். கேட்டீங்கன்னா, மாட்டேன்னு சொல்லலாம்னு இருக்கேன்."