எழுந்த கையை அழுத்தியவள்

என் மனைவி ஞெலே கை கோத்துக் குறி சொல்பவள். குறி கேட்க வந்தவள் தன் குறையை வாய் திறந்து சொல்லக் கூடாது. ஞெலே அவளுடைய கையைத் தன் கையோடு கோத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு, காட்டு ஆவிகளிடம் ஒவ்வொன்றாகக் கேட்பாள். உண்மையைத் தொட்டதும் இரண்டு கையும் சேர்ந்து எழுந்து தொடையில் பளாரென்று அடிக்கும். இல்லையென்றால் செத்த கோழி மாதிரி கிடக்கும். எதிரே ஆணும் பெண்ணுமாக இரண்டு மரப்பொம்மைகள், எண்ணெய் பூசிப் பூசிக் கறுத்தவை. ஆவிகள் அவற்றில்தான் வந்து உட்காரும். ஊரில் அவள் வாக்குக்கு மறுவாக்கு கிடையாது. வீட்டில் எனக்கும் அப்படித்தான்.

எங்கள் ஊர்ப் பெனாவின் கைக்குழந்தைக்கு ஜுரம் விடாமல் அடிக்கத் தொடங்குவதற்குச் சில நாள் முன்னால் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஓடைக்கரையில் ஆவிகள் குடியிருக்கும் மரத்தில், மண்வெட்டிக் காம்புக்காக ஒரு கிளையை வெட்டிவிட்டேன். நல்ல வைரம் பாய்ந்த கிளை, ஆசை கண்ணை மறைத்தது. விஷயம் தெரிந்ததும் ஞெலே தலையில் அடித்துக்கொண்டாள். வெளியே கசிந்தால் நான் ஆடு பலியிட்டு ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். குறிகாரி புருஷனே ஆவிகளின் வீட்டை வெட்டினான் என்று பாட்டுக் கட்டிவிடுவார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மறுநாளே பெனா குறி கேட்க வந்தாள். குடிசைக்கு வெளியே கயிறு திரித்துக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"முன்னோர் கோபமா?" சத்தமில்லை.

"வயல்ல எதையாச்சும் மிதிச்சாளா?" இல்லை.

"ஓடைக்கரை மரத்துல யாராச்சும் கை வச்சாங்களா?"

கயிற்றை அப்படியே விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். அடி விழவில்லை. ஞெலே இருமினாள். பிறகு கேட்டாள்: "வீட்டுக்குள்ளயே ஒரு வாய் பொறாமைப்படுதா?"

பளார்.

அந்த வீட்டில் இருந்த இன்னொரு வாய், பெனாவின் சக்களத்தி கொலோ. பிள்ளையில்லாதவள். அந்த வாரமே புருஷன் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டான். தன் முக்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் போனாள்.

"போயிட்டு வரேன் அக்கா. புள்ளைக்கு நல்லாயிட்டா சொல்லி அனுப்புங்க" என்றாள் ஞெலேயிடம். நான் நிமிரவே இல்லை. கயிறு திரித்துக்கொண்டே இருந்தேன்.

குழந்தை தானாகவே தேறியது. கொடுமை அதுதான். குறி பலித்தது என்று ஊரே புகழ்ந்தது. பெனாவின் புருஷன் கொண்டுவந்த கினிக்கோழியை ஞெலே தொடவில்லை, நான் தின்றேன். அதற்குப் பிறகு அவள் பொம்மைகளைத் துணியால் மூடிவிட்டுத்தான் குறி சொல்ல உட்காருவாள்.

"என்னையே பாக்குதுங்க" என்றாள்.

"மரத்துக்கு ஏது கண்ணு?"

"உங்களுக்கு ஏது வெக்கம்?"

மூன்றாம் வருஷ அறுவடை முடிந்ததும், "பெனாகிட்ட சொல்லிடப் போறேன், நீங்களும் வாங்க" என்று கிளம்பினாள். பெனா கிழங்கு இடித்துக்கொண்டிருந்தாள். ஞெலே அவள் முன்னால் மண்டியிட்டாள்.

"மரம்னு கேட்டப்பவே கை எழுந்துச்சு பெனா. நான்தான் அழுத்திப் புடிச்சேன். வெட்டினது இந்த மனுஷன்."

பெனா உலக்கையைக் கீழே வைக்கவில்லை. "தெரியும் அக்கா. என் கையும் அதுலதானே இருந்துச்சு."

"தெரியுமா? பின்னே ஏண்டி வாயைத் திறக்கல?"

கொலோ இருந்த அறை பூட்டிக் கிடந்தது. பெனா அந்தப் பக்கமே பார்க்காமல் சொன்னாள்: "பொறாமைன்னு கேட்டப்ப ஓங்கி அடிச்சது நீங்க மட்டும்னா நெனச்சீங்க?"

ஞெலே எழுந்தாள். பெனா மறுபடி கிழங்கை இடிக்கத் தொடங்கினாள். நாங்கள் வீட்டுக்கு வந்தோம்.

கொலோவின் ஊருக்கு அரைநாள் நடைதான். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. எங்களில் ஒருவரும் இன்னும் புறப்படவில்லை.